சின்னவனும் ஏழு பாட்டில் சாறும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததில்லை. ஒரு வார இதழின் ஆசிரியர் போன் பண்ணி, "சாறு மட்டும் குடிச்சு உடம்பைச் சுத்தம் பண்றாங்களே, அதைப் பத்தி ஒரு கட்டுரை குடுங்க. நன்மை பாதி, தீமை பாதி. யாரும் சண்டைக்கு வராத மாதிரி இருக்கட்டும்" என்றார். யாரும் சண்டைக்கு வராத மாதிரி எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. சரி என்றேன்.

நன்மை என்று ஒரு தலைப்புப் போட்டேன். தீமை என்று இன்னொன்று. அதற்குக் கீழே இப்படி ஆரம்பித்தேன்:

[மனித உடல் நச்சுப் பொருள்களின் கிடங்கு என்று ஒரு சாரார் கருதுகின்றனர், மற்றொரு சாராரோ —]

அந்த நேரம் பார்த்து அக்கா போன் பண்ணினாள். மற்றொரு சாரார் என்ன கருதினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. அதன் மேல் இந்தக் கதை ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

2

கதைக்குள் போவதற்கு முன் உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். கெட்டிக்கார எழுத்தாளர்கள் இதைப் பதுக்கிவைத்து நடுவில் எடுத்து விடுவார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவின் வயிற்றுக்குள் இருக்கும் சிறுநீரகம் என்னுடையது.

அவளுடைய இரண்டும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே வருடத்தில் வேலையை நிறுத்தின. என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றைக் கொடுத்தேன். இதில் தியாகம் கியாகம் ஒன்றும் கிடையாது, ஆபரேஷன் அன்று காலையில் ஓடிப்போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். [இந்த வாக்கியத்தை அடித்துவிடச் சொன்னாள் அக்கா. "அதெல்லாம் எதுக்குடா வெளிய சொல்லிக்கிட்டு?" இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.]

வீட்டில் நான் கடைக்குட்டி, அதனால் எல்லாருக்கும் சின்னவன். என்னிடமிருந்து போன சிறுநீரகத்துக்கும் அக்கா அதே பெயரை வைத்துவிட்டாள். "சின்னவனுக்குத் தாகமா இருக்குடா" என்று சொல்லிவிட்டு ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பாள். நான் பக்கத்தில் இருந்தால், "உனக்கு இல்ல, அவனுக்கு" என்பாள்.

இன்னொரு உடம்பிலிருந்து வந்த உறுப்பை நம் உடம்பு லேசில் ஏற்றுக்கொள்ளாது. அடையாளம் கண்டுபிடித்துவிட்டால் அடித்து விரட்டப் பார்க்கும். அதை அடக்கி வைக்க அக்கா காலையிலும் மாலையிலும் மாத்திரை போட வேண்டும், ஆயுள் முழுக்க, ஒரு வேளை விடாமல். அவள் போனில் அதற்கு ஒரு அலாரம் உண்டு. அலாரமாக அலறுவது என் குரல். "அக்கா, மாத்திரை! அக்கா, மாத்திரை!" ஒருநாள் விளையாட்டாகப் பதிவு செய்துகொண்டாள், பிறகு மாற்றவே இல்லை.

அவ்வளவுதான். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

3

இனி அந்த போன்.

"அடுத்த வாரம் நாங்க எல்லாரும் சுத்தம் பண்றோம்டா."

"எதை, வீட்டையா?"

"உடம்பை. ஏழு நாள், ஏழு பாட்டில். பச்சை, சிவப்பு, மஞ்சள்னு அழகா இருக்கு. வேற ஒண்ணும் சாப்பிடக் கூடாது."

அக்கா ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவில் இருக்கிறாள். அங்கே பெண்களுக்குக் கயிறு இழுக்கும் அணி ஒன்று உண்டு. தொழிற்சாலைகளுக்கு இடையே நடக்கும் போட்டியில் எட்டுப் பேர் இழுப்பார்கள், ஒருத்தி ஓரமாக நின்று எப்போது மூச்சைப் பிடிக்க வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்று குரல் கொடுப்பாள். முன்பெல்லாம் கயிற்றின் கடைசி ஆள் அக்காதான். மற்ற ஏழு பேரும் வழுக்கினாலும் அவள் வேரோடு நிற்பாள். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் கயிற்றைத் தொடவே கூடாது என்றுவிட்டார். அவள் படுத்துக்கிடந்த வருடம் அணியே போட்டிக்குப் போகவில்லை. இந்த வருடம் குரல் கொடுக்கும் வேலையில் திரும்பி வந்திருக்கிறாள்.

போட்டியில் ஒரு விதி: அணியின் மொத்த எடை ஓர் அளவைத் தாண்டக் கூடாது. தொழிற்சாலையில் மாவு மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருக்கிறதே, எல்லாரும் மொத்தமாக அதில் ஏறிப் பார்த்திருக்கிறார்கள். முள் அந்த அளவுக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறது.

"ஒன்பது கிலோ ஜாஸ்திடா. அதான் எல்லாரும் சேந்து இறக்கிடலாம்னு. பொண்ணுங்க திங்கக்கிழமையே ஆரம்பிக்கிறாங்க. எனக்குச் செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை இருக்கு, அதனால நான் மட்டும் புதன்கிழமை."

"அக்கா, மாத்திரை?" என்று நான் கேட்டேன். போனில் வருவது போலவே என் குரல் வந்தது.

"பாட்டில் வந்த பெட்டி அட்டையில போட்டிருக்கு. இந்த ஏழு நாளும் வேற எந்த மருந்தும் உள்ள போகக் கூடாதாம். போனா சுத்தம் ஆகாதாம். ஒரு வாரம்தானே?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "அது என்னோட கிட்னி! யாரைக் கேட்டு அதைக் கழுவப் போறே?"

"ஓஹோ, குடுத்ததைத் திருப்பிக் கேக்குறியா? வா, வந்து எடுத்துக்கிட்டுப் போ. வரும்போது கத்தியும் எடுத்துட்டு வா, இங்க இருக்கிறது எல்லாம் ரொட்டி வெட்டுற கத்தி."

நான் என்னென்னவோ கத்தினேன். அதையெல்லாம் எழுதினால் இதழில் போட மாட்டார்கள். அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னாள்:

"நீ செஞ்சதுக்கு நான் எத்தனை ஜென்மத்துக்கும் கடன்பட்டிருக்கேன்டா, இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்கப்புறம் எல்லாரும் என்னைக் கண்ணாடி டம்ளர் மாதிரிதான் தூக்கி வைக்கிறீங்க. அங்க நிக்காதே, இதைத் தொடாதே, கூட்டத்துக்குள்ள போகாதே. எட்டுப் பொண்ணுங்களும் பட்டினி கிடப்பாங்க, நான் மட்டும் வயிறு நெறைய ரொட்டி தின்னுட்டு ஓரமா நின்னு 'இழுங்கடி'ன்னு அதிகாரம் பண்ணுவேனா? எனக்கு அசிங்கமா இருக்குடா. ஒரே ஒரு வாரம் நானும் அவங்கள்ல ஒருத்தியா இருந்துட்டுப் போறேன், விடேன்."

போனை வைத்துவிட்டாள். மேஜையில் நன்மை ஒரு பக்கமும் தீமை ஒரு பக்கமும் காலியாகக் கிடந்தன.

4

இதையெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் பிரதி இப்படித் தொடங்கியது:

[வெண்மையான ஆஸ்பத்திரிச் சுவர்களுக்கு நடுவே அவள் கண்களை மூடிக் கிடந்தாள். தம்பியின் கண்ணீர்த் துளி ஒன்று அவளது —]

இதை அக்கா என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தாள். நான் பரீட்சை எழுதிய பையன் மாதிரி எதிரில் நின்றேன்.

"இது யாரு, நானா?"

"ஆமா."

"நான் எப்போடா மயங்கி விழுந்தேன்?"

"கதைக்காக, அக்கா. படிக்கிறவங்களுக்கு ஒரு பதைப்பு வேணும்ல?"

"மயங்கி விழுறதுக்கா இத்தனை நாளா வேளை தவறாம மாத்திரை முழுங்குறேன்? முதல்ல எழுந்து உக்கார வை. அப்புறம் இது என்ன, உன் கண்ணீர் என் மேல விழுதா? தொத்துக் கித்து வந்துரப் போகுது, துடைச்சு விடு."

துடைத்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பிரதி முழுக்கப் பொய்யும் இல்லை. போனுக்குப் பிறகு என் மண்டைக்குள் அந்த ஆஸ்பத்திரிக் காட்சி ஓடிக்கொண்டேதான் இருந்தது. நான் எழுதியதில் அது ஒன்றுதான் யோசிக்காமல் எழுதியது.

5

ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அதையும் உங்களிடம் போட்டு உடைத்துவிடுகிறேன்.

இந்தச் சாறு விவகாரத்தைக் கொண்டுவந்தது பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். எப்போதும் கையில் ஒரு பாட்டிலோடு திரிவதால் பாட்டிலம்மா என்று பெயர். அவளை வில்லியாக்க நான் படாத பாடு பட்டேன். கண்ணைச் சிமிட்ட வைத்தேன். நாக்கில் தேன் தடவினேன். ஒரு பிரதியில் மூக்கருகே மரு ஒன்றுகூட வைத்தேன், ஆனால் எதுவும் அவள் மேல் ஒட்டவில்லை.

உண்மை என்னவென்றால், அவள் நல்லவள். முன்பு தாகம் எடுத்தால் தண்ணீருக்குப் பதில் குளிர்பானம்தான் குடிப்பாளாம். படி ஏறினால் மூச்சு வாங்குமாம். யாரோ சொல்லி இந்த ஏழு பாட்டிலைக் குடித்திருக்கிறாள். அதோடு குளிர்பானத்தை விட்டாள், பொரித்ததை விட்டாள், நேரத்துக்குப் படுத்தாள். இப்போது படியில் ஓடுகிறாள். அவளைப் பார்த்தால் அவள் சொல்வதை நம்பத்தான் தோன்றும். அக்கா படுத்திருந்த வருடம் அடுப்புப் பிரிவுக்கும் சேர்த்துத் தன் ஆட்களை அனுப்பி அவள் வேலை போகாமல் காப்பாற்றியவளும் இவள்தான்.

நன்மை என்ற தலைப்பின் கீழ் அவளைத்தான் எழுத வேண்டும். வில்லியை வைத்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

(குறிப்பு: இந்தப் பகுதியைப் படித்துவிட்டு பாட்டிலம்மா அக்காவிடம் கேட்டது: "மரு எந்தப் பக்கம் வச்சாரு?")

6

இனி தீமை. இதற்கு நான் அக்காவின் சிறுநீரக டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். எனக்காகக் கேட்பது போல, கட்டுரைக்கு என்று தொடங்கினேன். இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"உங்க அக்காவா?"

"ஆமா டாக்டர்."

"சார், நல்லா இருக்கிற ஆள் ரெண்டு நாள் சாறு குடிச்சா பெருசா ஒண்ணும் ஆயிடாது. லேசா இருக்கிற மாதிரி இருக்கும். கண்டதையும் தின்னாம இருக்காங்கல்ல, அதான் காரணம். எடை குறையும், ஆனா அதுல பாதி வெறும் தண்ணி, சாப்பிட்டா திரும்பி வந்துடும். நாள் கூடக் கூட சத்து இறங்கும், உப்பு ஏறுக்குமாறா ஆகும், தலை சுத்தும். சர்க்கரை இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, தினம் மருந்து சாப்பிடுறவங்க எல்லாம் டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே கூடாது. உடம்பைச் சுத்தம் பண்றதுக்குன்னே உள்ள ஆள் போட்டிருக்கு சார். கல்லீரல் ஒண்ணு, கிட்னி ஒண்ணு. அவங்க சம்பளம் இல்லாம ராப்பகலா அந்த வேலையைத்தான் பாக்குறாங்க."

"அக்காவுக்கு?"

"அக்காவுக்குன்னா வேற பேச்சே இல்ல. மாத்திரையை நிறுத்தினா உடம்பு அந்தக் கிட்னியைத் தாக்க ஆரம்பிச்சிரும். போனா போனதுதான். அந்தப் பாட்டில்ல என்னென்ன போட்டிருக்கு, படிங்க?"

படம் எடுத்து அக்கா அனுப்பியிருந்ததைப் படித்தேன். நாலாவது பாட்டிலில் பப்ளிமாஸ் வகைப் பழம் ஒன்று வந்ததும் நிறுத்தச் சொன்னார். அது இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு எகிறிவிடுமாம். அதாவது, மாத்திரையை விட்டாலும் ஆபத்து, விடாமல் சாறைக் குடித்தாலும் ஆபத்து.

"இன்னும் ஒண்ணு மிச்சம் இல்ல சார், குடுக்கிறதுக்கு" என்றார் டாக்டரம்மா. போனை வைத்துவிட்டு என் இடுப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அக்காவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். "பொழப்பைப் பாருடா" என்று ஒரு வரி மட்டும் வந்தது.

7

புதன்கிழமை காலை தொழிற்சாலைக்கே போய்விட்டேன். கையில் ஒரு தாள், அதில் நன்மை, தீமை, ஆதாரங்கள், முடிவுரை. எழுத்தாளன் வேறு என்ன ஆயுதத்தோடு போவான்?

பின்பக்கம் லாரிகள் வந்து நிற்கும் முற்றத்தில், வேலை தொடங்குவதற்கு முன் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எதிரே ஏற்றி இறக்கும் ஆண்கள். அவர்களை இந்தப் பெண்கள் எப்போதும் இழுத்துப்போட்டுவிடுவார்கள், அது அங்கே தினசரி வேடிக்கை. சுவருக்கு அந்தப் பக்கம் அன்றைய முதல் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனை முற்றம் முழுக்க நிறைந்திருந்தது. இரண்டு நாளாகச் சாறில் உயிர் வாழும் எட்டுப் பெண்கள் அதற்கு மூக்கை மூடிக்கொள்ளவும் முடியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இறுக்கு!" என்றாள் அக்கா. "நில்லு… நில்லு… இழு!"

கயிறு ஆண்கள் பக்கம் போனது. கயிற்றின் கடைசியில் இப்போது நிற்பவள் மாவு பிசையும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள், பெயர் தூண். அவள் அசைந்து யாரும் பார்த்ததில்லை. அன்று அவள் முழங்கால் மடங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆண்கள்கூடச் சிரிக்கவில்லை. ஒருவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள் தூண், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "அந்த வாசனைதான்க்கா தாங்கல."

நான் இதுதான் சமயம் என்று அக்காவைக் கதவோரம் இழுத்துக்கொண்டு போனேன். அவளுடைய ஒரு கையில் அன்றைய பச்சை பாட்டில், மூடி இன்னும் திறக்கவில்லை. இன்னொரு கையில் மாத்திரை டப்பா. எதற்காக டப்பாவையும் கொண்டுவந்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் முடிவெடுக்காமல்தான் இருந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினேன். "முதலாவதாக, மனித உடலின் —"

"டேய்," என்றாள் அக்கா, "மேடையிலயா இருக்கே?"

8

இங்கேதான் கதை என் கையை விட்டுப் போனது. என் கற்பனைக்கு இவ்வளவு திறமை கிடையாது, நீங்கள் நம்பலாம்.

பாட்டிலம்மா பெண்களைத் தேற்றிக்கொண்டிருந்தாள். "தளந்து போகாதீங்கடி. ரெண்டு நாள் பட்ட கஷ்டம் வீணாப் போகாது. வாங்க, தராசுல ஏறிப் பாப்போம், மனசுக்குத் தெம்பா இருக்கும்." எட்டுப் பேரும் நாங்கள் நின்ற கதவைத் தாண்டி உள்ளே போனார்கள். மாவு மூட்டைகளைப் பலகையோடு சேர்த்து ஏற்றும் அகலமான மேடை. ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஏறினார்கள். தூண் கடைசியாக ஏறினாள்.

முள் ஆடியது. ஆடி, நின்றது. கோட்டுக்கு வெகு கீழே நின்றது.

பிறகு பாட்டிலம்மா போட்ட கூச்சலில் நான் தாளைக் கீழே போட்டுவிட்டேன்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! நான் சொன்னேன்ல? ரெண்டே நாள்! அம்பது கிலோவுக்கு மேல போயிருக்கு!"

பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி தன் இடுப்பைச் சுற்றிப் பார்த்துக்கொண்டாள். என் தாளில் தீமை என்று எழுதியிருந்தது அத்தனையும் அந்த முள்ளுக்கு முன்னால் செத்துப்போனது. அக்கா என்னைப் பார்த்தாள். பாட்டிலின் மூடி மேல் அவள் விரல் போனது.

அப்போது அவள் நெற்றி சுருங்கியது.

"இருங்கடி," என்றாள். "ரெண்டு நாள்ல அம்பது கிலோவா? நடுவுல யாரையாவது கரைச்சுக் குடிச்சுட்டீங்களா?"

அக்கா பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு நடந்துபோய் மேடையில் ஏறினாள். பெண்கள் பழக்கமாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.

முள் விருட்டென்று எழும்பிக் கோட்டைத் தாண்டி நின்றது. ஏறக்குறைய முதல் நாள் நின்ற அதே இடம்.

அக்கா இறங்கினாள், முள் விழுந்தது. ஏறினாள், எழும்பியது. இன்னொரு முறை இறங்கினாள். சந்தேகம் தீர்ந்தது.

"அடிப்பாவிகளா," என்றாள் அக்கா. "கயிறு இழுக்கிறது எத்தனை பேரு?"

"எட்டு" என்றாள் தூண்.

"நான் இழுக்கிறேனா?"

"இல்ல."

"என்னைப் போட்டியில எடை போடுவாங்களா?"

தூண் மேடையில் நின்றவர்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அந்த ஜாஸ்தி ஒன்பது கிலோ நான்தான்டி! என்னை இறக்கி விட்டா நீங்க கோட்டுக்கு ஒரு முழம் கீழ நிக்கிறீங்க! நான் ஒருத்தி ஓரமா நின்னிருந்தா நீங்க யாரும் பட்டினி கிடக்கவே வேண்டாம். ஒரு வாரம் சாறு குடிச்சு நீங்க கரைக்கப் பாத்தது என்னையா?"

மேடையே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் தூண் அடுத்துச் சொன்னதை நான் கேட்டேன். அவள் சிரிப்புக்கு நடுவே, இதில் என்ன சந்தேகம் என்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள்:

"பின்ன, உங்களை விட்டுட்டு எப்படிக்கா ஏறுறது?"

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆபரேஷன் அன்றுகூட அழாதவள், மாவு படிந்த அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்று ஓவென்று அழுதாள். ஒரு வாரமாவது அவர்களில் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்றுதானே உயிரைப் பணயம் வைக்கப் போனாள்? கேட்காமலேயே அவளைக் கூட்டித்தான் அவர்கள் எடை போட்டிருக்கிறார்கள். அவள் கயிற்றை விட்டுப் போனது அவர்களில் ஒருத்தி மனதிலும் ஏறவே இல்லை.

[இந்த இடத்தில் ஒரு பத்தி தத்துவம் எழுதியிருந்தேன். அக்கா எடுத்துவிட்டாள்.]

சரியாக அப்போதுதான் அவள் பையிலிருந்து என் குரல் அலறியது. "அக்கா, மாத்திரை! அக்கா, மாத்திரை!"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயே திறக்கவில்லை என்று கையை விரித்துக் காட்டினேன்.

முதலில் நகர்ந்தது பாட்டிலம்மா. தான் வாங்கி வந்த பெட்டியின் அட்டையை எடுத்து, மருந்து கூடாது என்று போட்டிருந்த பக்கத்தை மட்டும் ஒரு தடவை படித்தாள். பிறகு அதை நாலாகக் கிழித்தாள். "இதுக்காகவா நீ மாத்திரையை நிறுத்தப் போனேக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். அவளே குழாயடிக்குப் போய் டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்தாள். அக்கா மாத்திரையை வாயில் போட்டு, எல்லாரும் பார்க்க, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

"சின்னவனுக்குத் தாகம்" என்றாள். நான்தான் என்று நினைத்து ஒருத்தி எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு அடுப்பிலிருந்து இறங்கிய முதல் தட்டு வந்தது. சூடு ஆறட்டும் என்று யாரும் சொல்லவில்லை. தூண் ஒரு முழு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து முகத்தை அதற்குள்ளேயே புதைத்துக்கொண்டாள். என் கையில் மிஞ்சியிருந்த பச்சைச் சாறை நான் குடித்துப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாகவே இருந்தது. கீரையும் வெள்ளரியும். ரொட்டிக்குத் தோதாக இருந்தது.

9

செவ்வாய்க்கிழமைப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. அடுத்ததும் வந்துவிட்டது. சின்னவன் ஜோராக இருக்கிறான். டாக்டரம்மா அக்காவின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, கத்தலாமா என்று அக்கா கேட்டதற்கு, "கத்துறதுக்கும் கிட்னிக்கும் சம்பந்தம் இல்ல, காதுக்குத்தான் சம்பந்தம்" என்றாராம். பாட்டிலம்மா இப்போதும் பாட்டிலோடுதான் திரிகிறாள், மதியச் சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் வெள்ளரிச் சாறு கொடுக்கிறாள், சாப்பாட்டுக்குப் பதிலாக இல்லை, சாப்பாட்டோடு. குளிர்பானத்தை இன்னும் மூன்று பேர் விட்டிருக்கிறார்கள். யாராவது புதிதாகக் கேட்டால் அவளுடைய முதல் கேள்வி, "நீ என்ன மாத்திரை சாப்பிடுறே?"

ஆசிரியருக்கு நன்மையும் தீமையும் இதில் இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். "கட்டுரை கேட்டா கதை குடுக்குறீங்க, அதுக்காவது முடிவு உண்டா?" என்று கேட்டார்.

அவர் கேட்பது போட்டியைப் பற்றி. போட்டி நடந்து முடிந்துவிட்டது. முடிவு எனக்குத் தெரியும்.

ஒரு பிரதியில் ஜெயிக்க வைத்தேன். கோப்பை, கைதட்டல், தோளில் தூக்கிய அக்கா. அக்கா படித்துவிட்டு, "எல்லாக் கதையிலயும் ஒரு கோப்பை வருது. தூக்கினா வயித்துல இடிக்கும்னு உனக்குத் தெரியாதா?" என்று திருப்பிக் கொடுத்தாள். இன்னொரு பிரதியில் மரியாதையாகத் தோற்க வைத்தேன். இலக்கியத்தரம் கூடும் என்று நினைத்தேன். அது எப்படியோ தூணின் காதுக்குப் போய், அப்படி அச்சில் வந்தால் வீட்டுக்கு வந்து என் மேல் உட்கார்ந்துவிடுவதாகச் சொல்லியனுப்பினாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தப் பிரதி இல்லை.

10

எனவே நடந்ததில் ஒரு நொடியை மட்டும் உங்களிடம் கொடுக்கிறேன்.

இறுதிப் போட்டி. எதிரே சிமெண்டுக் கிடங்குப் பெண்கள். தினமும் மூட்டை தூக்கும் தோள்கள். முதல் இழுப்பு நமக்கு, இரண்டாவது அவர்களுக்கு. இது மூன்றாவது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, தராசில் கோட்டுக்குக் கீழே நின்று, எட்டுப் பேரும் குதிகாலை மண்ணில் புதைத்துச் சாய்ந்திருக்கிறார்கள். கடைசியில் தூண், கண் மூடியபடி. கயிறு இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. நடுவில் கட்டிய துணி மட்டும் லேசாகத் துடிக்கிறது. மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கயிற்றின் ஓரத்தில் குந்தியிருக்கிறாள் அக்கா. இடுப்பில் தண்ணீர் பாட்டில். காலை மாத்திரை உள்ளே. எந்தத் தராசும் கணக்கில் எடுக்காத ஆள், ஆனால் எட்டுப் பேரின் காதும் அவள் பக்கம்தான். எதிர் அணியின் முதல் பெண் மூச்சு மாற்றும் நொடிக்காக அவள் காத்திருக்கிறாள். "நில்லு…" என்கிறாள். "நில்லு…"

இதோ, அந்தப் பெண் மூச்சை விடுகிறாள்.

ஒரே ஒரு சொல்தான் பாக்கி. அதை நான் எழுதப் போவதில்லை. இவ்வளவு தூரம் எங்களோடு வந்த உங்களை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிச் சொல்வது? கயிற்றைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் எடையையும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அக்காவுக்குப் பக்கத்தில் குந்திக்கொள்ள இடம் இருக்கிறது, நகர்ந்து விட்டிருக்கிறாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், வெட்கப்படாதீர்கள். மூச்சை நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுங்கள்.